ஸ்டெல்லாவின் கறுப்புத் திரை

நேற்று திருக்கோகர்ணத்தில் நான் போன டவுன் பஸ்ஸின் பின்கண்ணாடி ஒரே கல்லடியில் பொலபொலவென்று உதிர்ந்தது. எல்லாரும் குனிந்தார்கள். நான் நெற்றியைப் பொத்திக்கொண்டேன். அங்கே பழைய தையல் ஒன்று உண்டு.

அந்தத் தையல் விழுந்த காலத்தில் அறந்தாங்கியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டர் வேலை எனக்கு. உடன் வேலை பார்த்தவள் ஸ்டெல்லா. நான் மவுஸ் கட்சி. பட்டன் தெரிந்தால்தான் கை ஓடும். அவளோ கறுப்புத் திரையில் கட்டளைகளைத் தட்டியே எல்லாம் முடிப்பாள்.

"இந்தக் காலத்துல யாருங்க இப்படித் தட்டுவா?" என்பேன்.

"நீங்க படம் பாருங்க. நான் மிஷினோட பேசிக்கிறேன்."

ஒரு காலை, பிரசவத்துக்கு வந்த பெண் இறந்துபோனாள். சொந்தக்காரர்கள் திரண்டுவிட்டார்கள். முதலில் இரும்பு நாற்காலியைத் தூக்கியவர் அவள் புருஷன். ரிசப்ஷனில் இருந்த திரைகள் ஒவ்வொன்றாக வெடித்தன. வாட்ச்மேன் வாயெல்லாம் ரத்தம். டெட்டால் பாட்டில்கள் உடைந்து நெடி தொண்டையை அடைத்தது.

"எம்பொண்டாட்டியக் கொன்னுட்டு கம்ப்யூட்டரு தட்டுறியாடா?"

நாற்காலி என் நெற்றியில் இறங்கியது. வீரமாகத் தடுத்தேன் என்றுதான் ஊரில் சொல்லிவந்தேன். உண்மையில் மேசைக்கடியில் புகும்போது பட்ட அடி.

ஸ்டெல்லா என் சட்டையைப் பிடித்து மாடிக்கு இழுத்துப்போய்ப் படிக்கட்டுக் கதவைத் தாழிட்டாள். பக்கத்து ஆபரேஷன் தியேட்டரிலிருந்து நர்ஸ் ஓடிவந்தார்.

"உள்ள மயக்கத்துல இருக்குற அம்மாவுக்கு எந்த மருந்து ஒத்துக்காதுங்க? ஃபைலு எங்கிட்டு?"

ஃபைல் கீழே கிழிந்து கிடந்தது. நோயாளிகள் விவரமெல்லாம் இருக்கும் சர்வர் மாடியில் ஓடிக்கொண்டிருந்தது, ஆனால் அதற்குத் திரை கிடையாது. ஸ்டெல்லா தன் ஓட்டை லேப்டாப்பை அதில் வயரால் சொருகினாள். எங்கள் சாஃப்ட்வேர் லேப்டாப்பில் இல்லை. எதை அழுத்துவதென்று நான் விழித்தேன்.

"கதவப் புடிங்க!" என்று கத்தினாள்.

வெளியே உதைத்தார்கள், தாழ்ப்பாள் பெயர்ந்தது. என் முதுகு அதிர அதிர, கண்ணாடி கிழித்த கையால் அவள் ஒரு வரி தட்டினாள். விசைகளெல்லாம் ரத்தம்.

"பென்சிலின் ஆகாது. ஓடுங்க!"

போலீஸ் ஜீப் வந்ததும் உதை நின்றது. அந்த அம்மா பிழைத்தார். நானும் கறுப்புத் திரைக்குக் கட்சி மாறினேன்.

சில வாரம் கழித்து, இறந்த பெண்ணின் புருஷன் தனியாக வந்தார்.

"அவ பேரு இதுல இருக்குங்களா? பாத்துட்டுப் போறேன்."

ஸ்டெல்லா தட்டினாள். பெயர், வயது இருபத்துமூன்று, ஊர் பொன்னமராவதி. திரையில் அந்த வரியை அவர் விரலால் தடவினார். என் தையலைப் பார்த்தார். போய்விட்டார்.

ஸ்டெல்லா இப்போது மஸ்கட்டில். ஆஸ்பத்திரியை மூடி ஜவுளிக்கடை வைத்துவிட்டார்கள். சர்வரைப் பழைய இரும்புக்குப் போடுமுன் உள்ளிருந்த பெயர், விவரம் எல்லாவற்றையும் அழிக்கச் சொன்னார்கள். அழித்தவன் நான்தான். ஒரே வரி. மவுஸாக இருந்தால், "நிச்சயமா?" என்று ஒரு தடவையாவது கேட்டிருக்கும்.