இரண்டு கண்களையும் தின்ற எர்மெக்

எர்மெக் சிரிப்பதற்குக்கூட ஆள் பார்த்துத்தான் சிரிப்பான். பள்ளிக்கூட வாசலில் பையன்கள் கூடி எந்தப் பெண் அழகு என்று பேச ஆரம்பித்தால் இவன் பேச்சைக் கேட்க மாட்டான், முகங்களைப் பார்ப்பான். எல்லோரும் சிரித்து அரை நொடி ஆன பிறகு இவனும் சிரிப்பான். பதினேழு வயதுப் பையன் இப்படி ஓயாமல் காவல் காத்துக்கொண்டிருந்தால் உடம்பில் சதை எங்கே ஒட்டும்? "பயலுக்கு வயித்துல பூச்சி இருக்கு" என்று அவன் அம்மா, தான் வேலை பார்க்கும் பள்ளிச் சமையலறையில் எல்லோரிடமும் சொல்லிவைத்திருந்தாள்.

போன கோடையில்தான் இது ஆரம்பித்தது. கொட்டகைக் கூரைமேல் ஆப்ரிகாட்டைப் பிளந்து காயவைத்துக்கொண்டிருந்தபோது, கூட இருந்த சஞ்சார் கரகோல் நகரத்தில் பார்த்த ஒரு பெண்ணைப் பற்றி வாய் ஓயாமல் பேசினான். ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன். கேட்கக் கேட்க எர்மெக்குக்கு வயிறு எரிந்தது. குடித்த குமிஸ், அந்தக் குதிரைப்பால், அளவுக்கு மீறிப் புளித்துப்போயிருக்கும் என்று நினைத்தான். ஒரு வாரம் குமிஸையே தொடவில்லை, எரிச்சல் மட்டும் போகவில்லை. பிறகு போனில் தேடிப் பார்த்தான். தன்பாலீர்ப்பு என்று அதற்கு ஒரு பெயர் இருந்தது. தேடியதை எல்லாம் உடனே அழித்தான், போனின் பூட்டை மாற்றினான், மறுநாள் மறுபடி மாற்றினான். அந்தப் போனை எடுத்துப் பார்க்க ஏரிக்கரை ஊரான டோசோரில் ஒரு ஈ காக்கைகூட முயன்றதில்லை.

இப்போது சஞ்சார் வீட்டார் குடும்பத்தோடு ரஷ்யாவிலுள்ள கசானுக்குப் போகிறார்கள். அவன் அப்பாவுக்கு அங்கே கட்டட வேலை கிடைத்திருக்கிறது. சொல்லாமல் விட்டால் இவன் யாரென்றே தெரியாமல் நண்பன் போய்விடுவான். சொன்னால் ஒரேயடியாகப் போய்விடுவான், போகிற வழியில் ஊரிலும் சொல்லிவிட்டுப் போவான். அப்பா ஓட்டும் மினிபஸ்ஸில் ஏறுகிற ஒவ்வொருவரும் முன்சீட்டைப் பார்த்துக் குசுகுசுப்பதை எர்மெக் கற்பனையிலேயே பலமுறை கேட்டுவிட்டான்.

அவர்களை வழியனுப்ப எர்மெக்கின் அப்பாதான் ஆடு அறுத்தார். விரிப்பைச் சுற்றி இரண்டு குடும்பமும் பக்கத்து வீட்டாரும் உட்கார்ந்தார்கள். இடுப்பெலும்பு சஞ்சாரின் அப்பாவுக்குப் போனது. வெந்த ஆட்டுத்தலை எர்மெக்கின் மாமா ஜபாரின் முன் வந்தது. அவர் அதை அப்படியே எர்மெக் பக்கம் தள்ளினார்.

"இந்தா மாப்ளே, கத்தியப் புடி. பதினேழு வயசாச்சு, இன்னும் தின்னுட்டு மட்டும் எந்திரிச்சா எப்படி?"

எர்மெக் காதை அறுத்தான். "அதத் தங்கச்சிக்குக் குடு, இனிமேலாவது சொன்ன பேச்சக் கேக்கட்டும்" என்றார் மாமா. கன்னத்துக் கறியைப் பெரியவர்களுக்கு வைத்தான். அதுவரை கை சரியாகத்தான் ஓடியது. பிறகு கண்கள் வந்தன.

தலையை அறுக்கிறவன் ஒரு கண்ணைத் தின்ன வேண்டும், அதுதான் வழக்கம். மற்றதை, அடிக்கடி பார்க்க ஆசைப்படுகிற ஆளுக்குக் கொடுக்க வேண்டும். எல்லோரும் அவன் கையையே பார்த்தார்கள்.

"யாருக்கு மாப்ளே?" மாமா கண்ணடித்தார். "டீ ஊத்துற பொண்ணுக்கு இப்பவே கை நடுங்குது பாரு."

பக்கத்து வீட்டு பெகாயிம் கெட்டிலைக் கீழே வைத்தாள். "எனக்கு ஒண்ணும் நடுங்கல மாமா. எனக்கு அது வேணவே வேணாம். இவன தினமும் வகுப்புல பாக்குறதே போதும்."

எல்லோரும் சிரித்தார்கள். எர்மெக் அரை நொடி கழித்துச் சிரித்தான்.

"எனக்குக் குடுடா, இதுல என்ன யோசனை?" பக்கத்தில் இருந்த சஞ்சார் உள்ளங்கையை நீட்டினான். "ஊர விட்டுப் போறவன் நான்தானே?"

அதில் ஒன்றுமே இல்லை. நண்பனுக்கு நண்பன் கொடுப்பது காலங்காலமாக நடப்பதுதான், யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். இது எர்மெக்குக்கு நன்றாகத் தெரியும். ஆனால் அந்தக் கையில் வைக்கும்போது தன் முகம் காட்டிக்கொடுத்துவிடும் என்று பயந்தான். காது சூடானது. அப்பா பார்க்கிறார், மாமா பார்க்கிறார். பாவிப் பயல் இரண்டு கண்களையும் தன் வாயிலேயே போட்டுக்கொண்டான்.

சிரிப்பில் கூரை பறந்தது.

"அடப்பாவி! கண்ணாடியப் பாத்துக்கிட்டே காலத்த ஓட்டப் போறியா?" மாமா தொடையில் தட்டிச் சிரித்தார்.

"வந்தவங்க முன்னால மானத்த வாங்குறான்" என்று அப்பா தலையைக் குனிந்துகொண்டார்.

சஞ்சார் மட்டும் சிரிக்கவில்லை. நீட்டிய கையை மெல்ல இழுத்துக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டான்.

எர்மெக் எழுந்து முற்றத்துக் குழாயடிக்குப் போய்த் தண்ணீரை முகத்தில் அடித்துக்கொண்டான். பின்னாலேயே காலடிச் சத்தம் கேட்டது.

"ரெண்டையும் ஏன்டா தின்ன?"

"பசி."

"பொய் சொல்லாத. நான் கை நீட்டினேன், எல்லாரும் பாத்தாங்க." சஞ்சாரின் குரல் உடைந்தது. "நான் போறது உனக்கு அவ்வளவு சந்தோஷமா?"

எதை வேண்டுமானாலும் பொறுத்திருப்பான். இதை மட்டும் எர்மெக்கால் பொறுக்க முடியவில்லை.

"உனக்குத்தான் குடுக்க நெனச்சேன். குடுத்தாத் தெரிஞ்சிடும்னு பயந்துட்டேன்."

"என்ன தெரிஞ்சிடும்?"

குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. அதை மூட வேண்டும் என்று தோன்றியும் கை வரவில்லை.

"பொண்ணுங்களப் பாத்தா எனக்கு ஒண்ணுமே தோணுறதில்லடா. பையன்களத்தான்... உன்னத்தான். வேற மாதிரி ஆகிடலாம்னு என்னென்னவோ பண்ணிப் பாத்தேன். ஆக முடியல. நான் இப்படித்தான்."

சொன்ன கணத்தில் உடம்பு லேசானது. தான் இன்னாரென்று பயல் தன் வாயாலேயே சொன்னது அதுதான் முதல் தடவை. சஞ்சார் வாயைத் திறந்தான். அதற்குள் வாசலில் அவன் அப்பாவின் குரல் கேட்டது.

"சஞ்சார்! டீ வந்தாச்சு, உள்ள வா!"

சஞ்சார் திரும்பினான். ஒரு வார்த்தை சொல்லாமல் உள்ளே போய்விட்டான்.

எர்மெக் குழாயை மூடினான். உள்ளே திடீரென்று பெரிய சிரிப்பு எழுந்தது. சொல்லிவிட்டான், அவ்வளவுதான், எல்லோரிடமும் சொல்லிவிட்டான். வேலி தாண்டி ஏரிப் பக்கம் ஓடிவிடலாமா என்றுகூடப் பார்த்தான். ஓடி எங்கே போவது? கால் கூசக் கூச வாசலுக்கு வந்தான்.

மாமா கழுதை வாங்கி ஏமாந்த பழைய கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். சிரிப்பு அதற்குத்தான். யாரும் இவனைப் பார்க்கவில்லை. சஞ்சாருக்குப் பக்கத்தில்தான் இடம் காலியாக இருந்தது. எர்மெக் முழங்கால் படாமல் ஒடுங்கி உட்கார்ந்தான்.

பெகாயிம் கெட்டிலோடு வந்தாள். சஞ்சார் அதை வாங்கினான். "குடு, இவனுக்கு நான் ஊத்துறேன்."

இன்னும் இருக்கட்டும் என்று நினைக்கிற விருந்தாளிக்கு எங்கள் பக்கத்தில் டீயைக் கொஞ்சமாகத்தான் ஊற்றுவோம், திரும்பத் திரும்ப வாங்கிக் குடிக்கட்டும் என்று. விளிம்பு வரை ஊற்றினால் குடித்துவிட்டுக் கிளம்பு என்று அர்த்தம். அவன் நிமிரவில்லை, கோப்பையின் அடியையே பார்த்துக்கொண்டிருந்தான். கெட்டில் சாய்ந்தது. ஒரு வாய் அளவு விழுந்தது, நின்றது.

"எனக்கு அப்படி இல்லடா" என்றான் சஞ்சார், அவனுக்கு மட்டும் கேட்கும்படி. "அதுக்காக உன்ன விட்டுடுவேனா? குடி."

எர்மெக்குக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. குடித்தான். வெறும் கோப்பையை நீட்டினான். சஞ்சார் மறுபடியும் ஒரு வாய்தான் ஊற்றினான்.