பன்னிரண்டாவது பாதை

நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். நம்பினால் நம்புங்கள். நம்பாதவர்களின் கையைப் பிடித்துக் கெஞ்சப்போவதில்லை. அந்தப் பொறுமை எனக்கு என்றைக்குமே கிடையாது.

பேய் என்றால் நடுராத்திரி என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். நான் பார்த்தது பகலில். மாலை நான்கு மணி ஐந்து நிமிடம். கைக்கடிகாரத்தைப் பார்த்தேன், அதனால் தெரியும்.

என் தொழில் நடைவழிப் புத்தகம் எழுதுவது. கடலோரத்தில் நாயோடு நடக்கப் பன்னிரண்டு எளிய பாதைகள் என்று உள்ளங்கை அளவில் ஒரு புத்தகம் போட்டிருக்கிறேன். சுற்றுலா அலுவலகக் கவுண்டரில் விற்கிறார்கள். பாதைக்கு ஒரு பக்கம். எத்தனை கிலோமீட்டர், தண்ணீர் எங்கே கிடைக்கும், நாயைக் கயிற்றில் பிடிக்க வேண்டுமா, அவிழ்த்து விடலாமா. அவ்வளவுதான் சரக்கு. ஆனால் எழுதுகிறவள் தன் காலால் நடந்து பார்த்திருக்க வேண்டும். இந்தத் தொழிலுக்கு இருக்கிற ஒரே நாணயம் அது.

பதினொரு பாதைகளை நடந்தேன். பன்னிரண்டாவதில் பாதி வழியிலேயே மழை பிடித்துக்கொண்டது. எனக்கோ ஜலதோஷம். அச்சகக்காரர் வேறு போனில் குடைந்துகொண்டிருந்தார். திரும்பி வந்துவிட்டேன். மீதியை வீட்டில் போர்வையைப் போர்த்திக்கொண்டு, வரைபடத்தைப் பார்த்து எழுதினேன். "சமதளம். வளைந்து திரும்பி, தொடங்கிய இடத்துக்கே வரும். கயிறு தேவையில்லை." யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைத்தேன்.

இரண்டு வருடம் கழித்து இரண்டாம் பதிப்பு. மனசாட்சி உறுத்திப் போனேன் என்று சொன்னால் அது இன்னொரு பொய். பன்னிரண்டாம் பக்கத்துக்குப் படம் வேண்டும் என்றார் அச்சகக்காரர். அதனால் போனேன்.

தடியனையும் கூட்டிக்கொண்டு போனேன். தடியன் என் நாய். ஒன்பது வயது. கூப்பிட்டால் பத்து வீட்டுக்குக் கேட்கிற மாதிரி குரைத்துக்கொண்டு ஓடி வருவான். நடக்கும்போது என் வலது காலில் சாய்ந்து சாய்ந்தே என்னைப் பாதையை விட்டுத் தள்ளிவிடுவான். நானும் திட்டிக்கொண்டே இருப்பேன். "உன் வாய்க்கு நாய்தான்டி லாயக்கு" என்பாள் என் அக்கா. அதில் பொய்யில்லை. என் வசவையெல்லாம் வாங்கிக்கொண்டு என்னோடு தங்கின ஒரே ஜீவன் அவன்தான். அவன் இல்லாத வீட்டை என்னால் நினைத்துக்கூடப் பார்க்க முடியாது.

3:10. கார் நிறுத்துமிடத்தில் வேறு வண்டியே இல்லை. பாதை தொடங்கும் கம்பத்தின் அடியில் ஓர் அலுமினியக் கிண்ணம். விளிம்பு வரை தண்ணீர். யாரோ புண்ணியவான் வைத்திருக்கிறார் என்று நினைத்தேன். தண்ணீரைக் கண்டால் தடியன் விடவே மாட்டான். அன்றைக்கு முகர்ந்து பார்த்துவிட்டுப் பின்வாங்கினான். விரலை விட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன்.

உப்பு.

சரி, ஏதாவது பிள்ளைகளின் விளையாட்டாக இருக்கும் என்று நடந்தோம். புல்தரை, மரப்பலகை, மறுபடியும் புல்தரை. 3:40க்குக் கடலிலிருந்து பனிமூட்டம் ஏறியது. 3:52க்கு ஓர் உடைந்த பெஞ்சு வந்தது. இரண்டு வருடத்துக்கு முன்னால் மழையில் நான் திரும்பிப் போன இடம். அதற்கு அப்பால் நான் கால் வைத்ததில்லை.

அங்கே தடியன் உட்கார்ந்துவிட்டான். இழுத்தேன். பிஸ்கட்டைக் காட்டினேன். பிஸ்கட்டை அவன் திரும்பிப் பார்க்காதது அதுதான் முதல் தடவை.

"வாடா. உனக்கு என்ன கேடு வந்துச்சு இப்ப?"

வந்தான். முனகிக்கொண்டே வந்தான். என் பேச்சை நம்பித்தான் வந்தான்.

4:05. இருபது அடி முன்னால் ஓர் ஆள் போய்க்கொண்டிருந்தார். எப்போது வந்தார், எந்தப் பக்கமாக வந்தார், தெரியாது. பழைய மழைக்கோட்டு. முதுகு மட்டும்தான் தெரிந்தது. இடது கையில் நாய்க்கயிறு. கயிறு முன்பக்கமாக விறைத்து இழுபட்டுக்கொண்டிருந்தது.

அதன் நுனியில் நாய் இல்லை.

"இங்க கயிறு வேணுமாங்க?" என்றார். திரும்பவில்லை.

ஆள் இருந்தது இருபது அடி தள்ளி. குரல் கேட்டது என் தோளுக்குப் பக்கத்தில்.

"வழுக்குது. பிடிச்சுக்கிட்டா நல்லது," என்றேன்.

"வேண்டாம்னு புத்தகத்துல போட்டிருக்கே."

தடியனின் கயிற்றைக் கையில் இன்னொரு சுற்று சுற்றிக்கொண்டேன்.

"எழுதினவங்க நடந்து பாத்துத்தானே எழுதியிருப்பாங்க?"

எனக்குப் பயம் வந்தால் முதலில் கோபம்தான் வரும். "உங்க வேலையப் பாத்துக்கிட்டுப் போங்க," என்றேன்.

"அதத்தாங்க பாத்துக்கிட்டிருக்கேன்."

மூட்டம் அவரை மூடியது.

4:17.

விசில் சத்தம். இரண்டு குட்டை... ஒன்று நீளம்.

என் கை லேசாகிவிட்டது. குனிந்து பார்த்தேன். கயிறு இருந்தது. கொக்கி திறந்திருந்தது. நான் திறக்கவில்லை. சத்தியமாக நான் திறக்கவில்லை.

தடியன் போய்க்கொண்டிருந்தான். குரைக்காமல், ஓடாமல், பழகின வீட்டுக்குள் போகிற மாதிரி நிதானமாக.

அவனுக்குப் பின்னால் ஓடினேன். நாலு எட்டு வைத்திருப்பேன். அங்கே தரை முடிந்துவிட்டது. வரைபடத்தில் வளைந்து திரும்பிய பாதை, தரையில் திரும்பவில்லை. நேராகப் போய் உடைந்து நின்றது. கீழே அலைச் சத்தம். வெகு கீழே.

தடியன் நிற்கவில்லை.

விழுந்த சத்தமும் இல்லை...

மறுபடியும் விசில். கடலுக்கு மேலிருந்து.

மண்டியிட்டு விழுந்தேன். "நான் இங்க நடந்ததே இல்ல. வீட்டுல உக்காந்து எழுதினேன். பொய் எழுதினேன். அவன விட்டுடுங்க... அவன் என்ன பண்ணினான்?"

அலை. அலை. அலை.

பிறகு காதோரம் ஒரு மூச்சு.

"என் நாய் மட்டும் என்ன பண்ணுச்சு?"

4:26. என் முதுகுக்குப் பின்னால், பெஞ்சுப் பக்கமிருந்து தடியன் வந்தான். உடம்பெல்லாம் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. கட்டிப்பிடித்து அழுதேன். உதட்டில் பட்டதெல்லாம் உப்பு.

திரும்பும் வழியில் அவன் என் வலது காலில் சாயவில்லை. இடப்பக்கமாக நடந்தான். பயந்துபோயிருக்கிறான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

வீட்டில் உட்கார்ந்தபோது இடது முன்னங்காலைத் தூக்கி வைத்துக்கொண்டான். அடிபட்டிருக்கும் என்று மறுநாள் காலையிலேயே டாக்டரிடம் காட்டினேன். எலும்பு, நகம், பாதம் எல்லாம் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றார். அவன் தூக்கியதைக் கீழே வைக்கவே இல்லை. "தடியா" என்று கூப்பிட்டால் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஒரு தடவைகூடக் குரைக்கவில்லை.

டாக்டரிடமிருந்து நேராகச் சுற்றுலா அலுவலகத்துக்குப் போய், பன்னிரண்டாம் பக்கத்தைக் கிழித்தெறியச் சொன்னேன். கவுண்டர்காரர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"பதினாலு மாசத்துக்கு முன்னாடிங்க. ஒருத்தர் நாயோட போனார். நாய் விழுந்துச்சு. தூக்கறேன்னு இவரும் பின்னாலயே இறங்கியிருக்கார். ரெண்டு பேரையும் கீழ இருந்துதான் எடுத்தாங்க. கோட்டுப் பையில உங்க புத்தகம். அந்தப் பக்கத்த மடிச்சு வச்சிருந்தார்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா எரிஞ்சு விழுவீங்க."

"அங்க வேலி கூடவா போடல?"

"மூணு தடவ போட்டோம். மறுநாள் பாத்தா கடல்ல கெடக்கு."

விலாசத்தைப் பிடிவாதம் பிடித்து வாங்கினேன். அன்று மதியமே அந்த மனிதரின் மனைவி வீட்டுக்குப் போனேன். நாயைக் காரில் விட்டிருந்தேன். அந்த அம்மா கதவைப் பாதிதான் திறந்தார்.

"அந்தப் புத்தகத்த எழுதினவ நான். அந்தப் பாதையில நான் நடக்கவே இல்ல. மன்னிப்புக் கேக்கற யோக்யதை எனக்கு இல்ல. சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்."

"சொல்லியாச்சில்ல. போங்க."

கதவு சாத்தப்பட இருந்தது. அதற்குள் என் காலைத் தாண்டி நாய் உள்ளே போயிற்று. கார்க் கதவை நான் சாத்தியிருந்தேன். அது முன்னே பின்னே பார்த்திராத வீடு. முகர்ந்து பார்க்காமல், தேடாமல், சோபாவைச் சுற்றி, சமையலறையைக் கடந்து, பின்கதவு மூலைக்குப் போனது. அங்கே தரையில், வெகுநாள் கிண்ணம் இருந்து பதிந்த வட்டம். அதன் பக்கத்தில் உட்கார்ந்தது. இடது காலைத் தூக்கி வைத்துக்கொண்டது.

அந்த அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"கால்ல என்ன அதுக்கு?"

"டாக்டர் ஒண்ணும் இல்லங்கறார்."

"எங்க நாய்க்குக் குட்டியா இருக்கறப்ப கால் கதவுல நசுங்கிப்போச்சு. இடது கால். எப்ப உக்காந்தாலும் இப்படித்தான் தூக்கிக்கும்."

உதட்டைக் குவித்து அவர் விசில் அடித்தார். இரண்டு குட்டை. ஒன்று நீளம். அது எழுந்து வந்து அவர் மடியில் தலையை வைத்தது.

நான் அதைக் கூப்பிடவில்லை. கூப்பிட்டு என்ன பயன். வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது அந்த அம்மா பேசுவது கேட்டது. என்னிடம் பேசவில்லை, அதனிடம்.

"நீ வந்துட்ட. அவர் அங்க தனியா என்ன பண்றாரு? நாயில்லாம ஒரு நாள் நடந்ததில்லயே அவரு."

இரண்டாம் பதிப்பு வந்துவிட்டது. அதில் பதினொரு பாதைகள்தான்.

நேற்று நான் மட்டும் அந்த உடைந்த பெஞ்சு வரைக்கும் போனேன். மூட்டம் இருந்தது. 4:17க்கு "தடியா" என்று கூப்பிட்டேன்.

கடலுக்கு மேலிருந்து குரைத்தான். பத்து வீட்டுக்குக் கேட்கிற மாதிரி குரைத்தான்.

வரவில்லை.