கோட்டைச் சுவரோரம் ஒரு அரிக்கேன்

போன வாரம் செங்கல்பட்டில் ஒரு கடைக்குப் போய், புத்தகத்தில் மாட்டிக்கொண்டு படிக்கிற குட்டி விளக்கு கேட்டேன். கடைக்காரப் பெண் நாலைந்தை எடுத்துப் பரப்பினாள். நான் கைப்பையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்து, பொடி எழுத்தை ஒவ்வொரு விளக்கிலும் படித்துப் பார்த்தேன். "இன்னாம்மா, கடையிலயே படிச்சு முடிச்சிருவீங்க போல கீதே!" என்று சிரித்தாள். சிரிக்கட்டும். விளக்கு வாங்கப் போனால் புத்தகத்தோடு போகவேண்டும் என்பது எனக்குப் பதினாறு வயதிலேயே வந்த ஞானம்.

எழுபதுகளில் கடப்பாக்கத்தில் எங்கள் குப்பத்துக்குக் கரண்ட் கிடையாது. வீட்டில் இருந்த சிமினி விளக்கு, கடல்காற்று லேசாகத் தட்டினாலே அணைந்துவிடும். நான் பதினோராம் வகுப்பு, அப்போது அதுதான் பள்ளியின் கடைசிப் பரீட்சை. "பாஸானா மேல படி. பெயிலானா உங்கம்மாகூட மீன் கூடையத் தூக்கு" என்றார் நைனா. அவர் சொன்னால் சொன்னதுதான். எனக்கோ கூடை என்றால் கழுத்து வலி, கணக்கு என்றால் தலைவலி. தலைவலியே தேவலை என்று முடிவு செய்தேன்.

நைனாவும் நானும் மதுராந்தகத்துக்கு விளக்கு வாங்கப் போனோம். டார்ச்சைப் பிடித்தால் பக்கம் புரட்டக் கை இல்லை. பெட்ரோமாக்ஸ் இரைச்சலில் பாடம் ஏறாது. கடைசியில் அரிக்கேன். நான் சரித்திரப் புத்தகத்தை விரித்து எழுத்து தெரிகிறதா என்று பார்த்தேன். நைனாவுக்கு அதெல்லாம் போதவில்லை. எரிகிற விளக்கை வாங்கிக்கொண்டு போய்த் தெருவில் நின்று வீசி வீசி ஆட்டினார். கடைக்காரர் அரண்டுபோனார். சுடர் அணையவில்லை. "இதான் வெளக்கு!" என்றார் நைனா.

வீட்டில் தம்பி தங்கைகள் தூங்கவேண்டுமே. அதனால் மறுநாள் விடியுமுன் எழுந்து, காற்று மறைவாக ஆலம்பரைக் கோட்டையின் இடிந்த சுவரோரம் போய் உட்கார்ந்தேன். அங்கேதான் என் புத்தி புல் மேயப் போனது. கடலுக்குப் போன கட்டுமரங்கள் இருட்டில் கரை பிடிக்க, மரத்தைக் கரையில் ஏற்றுகிற இடத்தில் ஒரு கம்பத்தில் விளக்கு தொங்கும். அதைப் பார்த்துத்தான் வருவார்கள். குப்பத்தில் பிறந்த எனக்கு இது தெரியாதா? தெரியும். அன்றைக்கு முக்கோணமும் வட்டமும் மண்டையை அடைத்துக்கொண்டதில் மறந்தே போனேன்.

படார் என்று சத்தம். கம்பத்து மங்கல் விளக்கைவிட என் புது விளக்கு பளிச்சென்று தெரிய, நைனாவின் மரம் அதை நம்பி வந்து, தண்ணீருக்குள் கிடந்த கோட்டைக் கல்லில் மோதிவிட்டது. நல்லவேளை, ஆளுக்கு ஒன்றுமில்லை, வலைதான் கிழிந்தது. கூடப் போயிருந்த சித்தப்பா சொட்டச் சொட்ட ஏறிவந்தார். "இன்னாமே, படிக்கிறியா, எங்கள சாவடிக்கிறியா? குடு அத, ஒடைக்கிறேன்!" நைனா கிழிந்த வலையையே விரித்து விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அதுதான் எனக்குப் பயம்.

விளக்கை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டேன். எங்கிருந்துதான் அந்தத் தைரியம் வந்ததோ! "கம்பத்து வெளக்க வுட்டுட்டு என்னுத தான பாத்து வந்தீங்க? அப்போ இதான் நல்லாத் தெரியுது. இத கம்பத்துல மாட்டிட்டு, நான் கீழ குந்திகினு படிக்கிறேன். எல்லா மரமும் கரையேர்ற வரிக்கும் தூங்கமாட்டேன்."

நைனா சிரித்துவிட்டார். "குந்து. தூங்கின, கூடைதான்."

பரீட்சை வரைக்கும் ஒரு நாள்கூடத் தூங்கவில்லை. நான் படித்தேன், அவர்கள் வந்து சேர்ந்தார்கள். வீட்டுக்கு ஒரு நாள் என்று முறை போட்டு மண்ணெண்ணெய் ஊற்றினார்கள். அல்ஜீப்ராப் புத்தகத்தில் மீன் செதில் ஒட்டிக் கிடந்தது. பேப்பரில் என் நம்பர் வந்த அன்றைக்குக் குப்பம் முழுக்கக் கத்திக்கொண்டு ஓடியவர் யார் தெரியுமா? விளக்கை உடைக்க வந்த அதே சித்தப்பாதான். "எங்க வெளக்கு பாஸாய்ட்ச்சி!" அடடா, அந்தச் சந்தோஷத்தை இன்னும் என்னால் சொல்லி மாளவில்லை!

பிறகு கரண்ட் வந்தது, கம்பம் போனது. கட்டுமரங்களும் போயின, நைனாவும் போய்விட்டார். வாங்கிவந்த குட்டி விளக்கை மொட்டைமாடியில் நின்று வீசி வீசி ஆட்டிப் பார்த்தேன். அணையவில்லை. பக்கத்தில் படுத்திருப்பவருக்குக்கூட வெளிச்சம் தெரியாது என்று அட்டையில் பெருமையாகப் போட்டிருக்கிறார்கள். நல்ல விளக்குதான். ஆனால் இதைப் பார்த்து யாரும் கரையேறப் போவதில்லை.