அண்ணனுக்குப் பேசாத கல்யாணம்

எங்கள் அண்ணன் கண்மூடி ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் சொந்தபந்தங்களுக்கும் நண்பர்களுக்கும் அவருடைய கடைசித் தங்கையின் வணக்கம். மலர் வேலையைப் பார்க்கும் அக்காவின் பிள்ளைகள் என்னிடம் வந்து, "சித்தி, மாமாவோட தியாகத்தைப் பத்தி நல்லா எழுதிக் குடுங்க" என்றார்கள். எழுத மாட்டேன். தியாகம் என்றால் ஒருவர் தானாகக் கொடுத்திருக்க வேண்டும். அண்ணனிடமிருந்து பிடுங்கிக்கொண்டார்கள். அதைத்தான் எழுதப்போகிறேன். பிடிக்காதவர்கள் அண்ணனின் படத்தைப் பார்த்துவிட்டு மலரை மூடி வைத்துவிடலாம்.

அண்ணன் புசல்லாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். அப்பா அங்கே கணக்கப்பிள்ளையாக இருந்தார். அப்பா திடீரென்று போய்ச் சேர்ந்ததும் தோட்டத்து வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். அண்ணனையும் தங்கைகள் மூவரையும் கூட்டிக்கொண்டு அம்மா கண்டிக்கு வந்தார். அண்ணன் படிப்பை விட்டுவிட்டு டவுனில் ஒரு புடவைக் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். எழுபதுகளில் பாண் ரொட்டிக்கு விடியுமுன்னே வரிசை. சீனி கிடைக்காது, கித்துள் கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு தேநீர் குடித்தோம். இருந்தும் வீட்டுக்கு ஆள் வந்தால் கௌரவம் குறையக்கூடாது. குறையாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பும் அண்ணனுடையதுதான்.

அண்ணனுக்குக் கோபம் என்பதே வராது. வரவேண்டிய இடத்திலும் வராது. கடையில் சேலையை விரித்துத் தன் தோளிலேயே போட்டுக் காட்டுவார். ஒரு தீபாவளிக்கு, கெலிஓயாவில் படிப்பித்துக்கொண்டிருந்த டீச்சர் ஒருவர் சேலை எடுக்க வந்திருக்கிறார். அண்ணன் தோளில் கிடந்த சேலையைப் பார்த்துவிட்டு, "உங்களுக்குத்தான் எடுப்பா இருக்கு, நீங்களே வச்சுக்கங்க" என்றாராம். அன்று சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்த அண்ணன் தனக்குத்தானே சிரித்துக்கொண்டிருந்தார். அவர் அப்படிச் சிரித்து நாங்கள் பார்த்ததே இல்லை.

அந்தக் காலத்தில்தான் மூத்த அக்காவைப் பெண் பார்க்க வந்தார்கள். உட்காரக் கதிரை போதாமல் பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிப் போட்டோம். மாப்பிள்ளை, அதாவது எங்கள் அத்தான், தன் அம்மாவோடு வந்து உட்கார்ந்தார். பலகாரத்தை ஒரு கை பார்த்துவிட்டு அந்த அம்மா கேட்டார், "மூத்தவருக்கு இன்னும் ஒண்ணும் பாக்கலையே?"

"இல்லைங்க" என்றார் அம்மா.

"பாக்காதீங்க. மூணு பொண்ணும் போகட்டும். அண்ணிக்காரின்னு ஒருத்தி வந்துட்டா பொறந்த வீட்டுச் சீரெல்லாம் கொறஞ்சிரும்."

அத்தான் தலையை ஆட்டினார். அம்மாவும் ஆட்டினார். அண்ணன் கோப்பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். அவ்வளவுதான், ஒரு மனிதனின் வாழ்க்கையை முடிவு பண்ணியாகிவிட்டது! அவரை ஒரு வார்த்தை யாரும் கேட்கவில்லை. அன்று இது அநியாயமாகவும் யாருக்கும் படவில்லை. பெண் கேட்டு வருகிற எல்லாருக்கும், அந்த வீட்டில் கல்யாணமாகாத அண்ணன் ஒருவர் இருந்தால் பெரிய நிம்மதி. ஆடிச் சீர், தீபாவளிச் சீர், தலைப்பிரசவம், காதுகுத்து, பெண் பிள்ளை பெரியவளானால் மாமன் சீர் என்று எதற்கும் அவர் முன்னால் நிற்பார் பாருங்கள்.

அண்ணனைக் கட்டிக்கொள்ளக் கேட்டு டீச்சர் ஒரு நாள் துணிந்து எங்கள் வீட்டுக்கே வந்தார். அம்மா அவருக்குத் தேநீர் கொடுத்து, "மொதல்ல என் பொண்ணுங்க கரையேறட்டும் தாயி, அப்புறம் பேசுவோம்" என்றார். டீச்சர், "சரிங்கம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தப் பேச்சை நம்பித்தான் காத்திருந்தார். சனிக்கிழமைகளில் கண்டிக்கு வந்து, அண்ணனின் சாப்பாட்டு நேரத்தில் வாவிக்கரையில் கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்துவிட்டு பஸ் ஏறுவார். அக்காமார் இருவரும் புகுந்த வீடு போய்ப் பிள்ளைகளும் பெற்றார்கள். கடைசியாக எனக்கும் கல்யாணம் நடந்தது.

என் மறுவீட்டு விருந்து முடிந்த கையோடு, எல்லாரும் இருக்கும்போதே நான் கேட்டேன், "இனி அண்ணனுக்குப் பேசலாம்தானே?"

அத்தான் சிரித்தார். "என்னம்மா பேசற? தலை நரைச்ச பொறகு மாப்பிள்ளைக் கோலமா? ஊரு சிரிக்கும். நாளைக்கு என் மகளுக்கு மாப்பிள்ளை வரவேணாமா?"

பொறு என்று தலையாட்டியவரும் இவர்தான், வயது போய்விட்டது என்று சிரித்தவரும் இவர்தான். அடப்பாவிகளா, நடுவில் சரியான வயது என்று ஒன்று அண்ணனுக்கு எப்போது இருந்தது? அம்மா குனிந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். எனக்கு அண்ணன் மேலும் கோபம்தான். அன்று எழுந்து நின்று ஒரு சத்தம் போட்டிருக்கலாம். "விடும்மா, அத்தான் சொல்றதுலயும் ஞாயம் இருக்கு" என்றார். என்ன ஞாயம்? இன்றைக்கு வரைக்கும் எனக்கு விளங்கவில்லை.

டீச்சர் வேறு யாரையும் கட்டிக்கொள்ளவில்லை. அண்ணன் கடைசிக் காலத்தில் கட்டுகஸ்தோட்டையில் என் வீட்டில் படுத்திருந்தபோது, முழங்கால் வலியோடு பஸ் ஏறி வந்து பக்கத்தில் உட்கார்ந்து பேப்பர் வாசித்துக் காட்டினார். யார் என்று கேட்டவர்களுக்கு, "தெரிஞ்ச டீச்சர்" என்று அண்ணனே சொன்னார். அப்போதும் அவருக்குப் பயம்.

இழவு வீட்டில் நடந்ததுதான் என்னைக் கொதிக்க வைத்தது. அண்ணனைக் குளிப்பாட்டி நடுவீட்டில் கிடத்தியிருந்தோம். அத்தான் ஆளை விட்டு ஒரு வாழைக்கன்றை வெட்டி வரச் சொல்லி, மஞ்சள் கயிறும் மாலையுமாக வைத்துக்கொண்டு நின்றார். கல்யாணமாகாத ஆணை அப்படியே எரித்தால் குடும்பத்துக்கு ஆகாதாம். வாழைக்குத் தாலி கட்டி வைத்துவிட்டுத்தான் எடுக்க வேண்டுமாம்.

"இல்லாட்டி நம்ம பேரப்புள்ளைகளுக்குக் கல்யாணம் தட்டிக்கிட்டே போகும்மா" என்றார் அத்தான்.

"உயிரோட இருந்தப்போ ஒரு பொம்பளையக் கட்டிக்க விடல. இப்ப பொணத்துக்கு வாழை மரத்தைக் கட்டி வைக்கிறீங்களா? இப்ப ஊரு சிரிக்காதா அத்தான்? இப்ப மட்டும் வயசு சரியா இருக்கா?"

"சாவு வீட்ல சத்தம் போடாதம்மா. சடங்கு சடங்குதான்."

நான் அந்தக் கன்றை மாலையோடு தூக்கி வாசலில் எறிந்தேன். வாய்க்கரிசி போடப் பெண்கள் வரிசையாக வந்தார்கள். டீச்சர் அயலவர்களோடு கதவுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தார். "அண்ணி, வாங்க. நீங்கதான் மொதல்ல போடணும்" என்று எல்லாருக்கும் கேட்கும்படி கூப்பிட்டேன். அவர் கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். நான் போய்க் கையைப் பிடித்துக் கூட்டி வந்தேன். அரிசியைப் போட்டுவிட்டு, அத்தனை பேருக்கும் முன்னால் அண்ணனின் நெற்றியைத் தடவிக்கொடுத்தார்.

அண்ணனை முகம் சுளிக்காமல் பராமரித்த ஆஸ்பத்திரித் தாதிமாருக்கும், கடையில் அவரோடு ஒன்றாக வேலை செய்து, கடைசிவரை வந்து பார்த்து, மயானம் வரை தோள் கொடுத்த அக்குறணை முஸ்லிம் நண்பர், எங்கள் நானாவுக்கும் எங்கள் நன்றி. கேட்காமல் தன் தோட்டத்து வாழையை வெட்டியதைப் பொறுத்துக்கொண்ட பக்கத்து வீட்டுச் சிங்கள மாத்தயாவுக்கு நன்றியோடு மன்னிப்பும் சொல்லிக்கொள்கிறோம். மலரின் பின்னட்டையில் குடும்பத்தாரின் பெயர்கள் இருக்கின்றன. 'மனைவி' என்று போட்டு அண்ணியின் பெயரை முதலில் வைத்திருக்கிறேன். அப்படிப் போடுவதானால் தன் பெயரை எடுத்துவிடும்படி அத்தான் சொல்லி அனுப்பினார். எடுத்துவிட்டேன்.