சூரியப் பம்பும் நான் காட்டிய பயமும்

பரமேஸ்வரி அக்காவை நான் ஏமாற்றினேன். ஒரு பொய்யும் சொல்லாமல் ஏமாற்றினேன்! உங்களிடமாவது ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்...

எண்பதுகளின் கடைசியில் நான் புத்தூர்ப் பக்கத்தில் விவசாயப் போதனாசிரியர். வெயிலில் ஓடும் தண்ணீர்ப் பம்பு ஒன்று எங்கள் பகுதிக்கு வந்தது. ஒன்றே ஒன்று! பாதி விலை அரசாங்க மானியம். மீதியைத் தோட்டக்காரர் போடவேண்டும். முதலில் கேட்டவர் பரமேஸ்வரி அக்காதான். வெங்காயத் தோட்டம், வற்றாத கிணறு, உழைப்புக்கு அஞ்சாத புருஷன் கந்தையா அண்ணை. கைக்காப்பை விற்றுக் காசு போட அக்கா ஆயத்தமாக இருந்தார்.

எனக்கோ அந்தப் பம்பின்மேல் ஒரு கண். மூன்று ஊர் தள்ளித் தோட்டம் செய்த என் அத்தானுக்கு அதை எடுத்துக் கொடுத்தால் சொந்தத்துக்குள் என் மதிப்பு உயரும் என்ற நினைப்பு. அற்ப ஆசை... வேறென்ன!

அக்காவின் முற்றத்தில் நின்று மிகுந்த அக்கறையோடு கதைத்தேன்.

"அக்கா, அரசாங்கம் தாறது பாதிதான். ஷெல் விழுந்து வெயில் பிடிக்கிற தகடு உடைஞ்சா உங்கடை பாதிக்கு ஆர் பொறுப்பு? அதின்ரை கண்ணாடி மினுங்கினா ஆமிக்காரர் ஹெலியிலை இருந்து சுட்டாலும் சுடுவாங்கள். நாளைக்கு எங்கடை விவசாயக் கந்தோரே இருக்குமோ தெரியாது."

அவர் காப்பைத் தடவிக்கொண்டு நின்றார். "ஓம் தம்பி, உள்ளதும் போயிடும். எங்களுக்கு வேண்டாம்."

இதில் எது பொய்? ஒன்றுமில்லை! ஆனால் அத்தானிடம் இதில் ஒரு சொல்லும் சொல்லவில்லையே... "பாதி விலை, விடாதேங்கோ அத்தான்" என்று மட்டும்தான் சொன்னேன்.

தொண்ணூறில் மறுபடி சண்டை மூண்டது. மண்ணெண்ணெய்க்குத் தடை. புத்தூரில் இறைக்கும் மெசின்கள் எல்லாம் நின்றன. அத்தானின் தோட்டத்திலோ வெயில் ஏற ஏறத் தண்ணீர் பாய்ந்தது. கந்தையா அண்ணை கிணற்றடியில், தண்ணீர் அள்ளும் நீண்ட மரமான பழைய துலாவை மறுபடி நிறுத்தினார். அவர் அதன்மேல் ஏறி முன்னும் பின்னும் நடந்து மிதிக்க, கீழே நின்று அக்கா தண்ணீரை வார்த்தார். அறுபதை நெருங்கிய மனிதர்! ஒரு காலையில் கால் வழுக்கி மேலிருந்து விழுந்தார். முதுகெலும்பு முறிந்தது. அதன்பின் அவர் எழும்பவேயில்லை.

எல்லாவற்றையும் சொல்லி மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். நம்புங்கள், அதற்காகத்தான் போனேன்! வாயைத் திறக்க முன்னரே அக்கா கதைக்கத் தொடங்கிவிட்டார்.

"தம்பி, அண்டைக்கு நீங்கள் மறிச்சது நல்லதாப் போச்சு. காப்பு மிஞ்சினபடியாத்தானே இவருக்கு மருந்து எடுக்கக் கூடியதா இருந்தது. கந்தோர்க்காரரிலை எங்களுக்கு உள்ளதைச் சொன்னது நீங்கள் ஒருத்தர்தான்."

அவருடைய கை வெறுமையாக இருந்தது. படுக்கையில் கிடந்த கந்தையா அண்ணையும் என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

நான்... பதிலுக்குக் கும்பிட்டுவிட்டு, அக்கா தந்த தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.