முடிந்த நாடகத்துக்கு ஒத்திகை

அக்காவை நாடகத்தில் நடிக்க விட்டதற்கு ஒரே காரணம், அந்தக் குழுவில் ஆண்வாடையே கிடையாது என்பதுதான். அவளுடைய பல்கலைக்கழகத்தில் பெண்கள் மட்டுமே நடிக்கும் குழு அது. நாடகம் நானூறு வருடப் பழமையான இங்கிலீஷ் நகைச்சுவை. யார் யாரைக் காதலிக்கிறார்கள் என்று அவர்களுக்கே தெரியாது, கடைசியில் எல்லாருக்கும் கல்யாணம். அந்தக் காலத்தில் ஆண்களே பெண் வேஷம் கட்டினார்களாம், இவர்கள் தலைகீழாகச் செய்கிறார்களாம்.

"எங்கட கூத்திலையும் ஆம்பிளையள்தானே சேலை கட்டினவை" என்று அப்பா சம்மதித்துவிட்டார்.

அக்காவுக்குக் காதலனாக நடித்தவள் கட்டையாக முடி வெட்டிய ஒரு வெள்ளைக்காரப் பெண். லண்டன் ரெய்னர்ஸ் லேனில் எங்கள் வீட்டுக்கே ஒத்திகைக்கு வருவாள். அம்மா இடியப்பமும் சொதியும் கொடுத்து, "வடிவாச் செய்யுங்கோ பிள்ளையள்" என்று அறைக்கதவைத் தானே சாத்திவிடுவாள். ஒரு பெடியன் வந்து வாசல் மணியை அடித்திருந்தால் வீடு இரண்டுபட்டிருக்கும். அது எனக்கும் அக்காவுக்குமான அறை. பத்து வயதுக்காரி நான், வீட்டுப்பாடத்தைத் தூக்கிக்கொண்டு படிக்கட்டில் குந்தியிருப்பேன்.

நாடகம் நடந்தது. எல்லாரும் ஜோடி சேர்ந்தார்கள், அம்மா கைதட்டினாள். அதன்பிறகும் அந்தப் பெண் வந்துகொண்டேயிருந்தாள், கதவும் சாத்தியே கிடந்தது. எனக்குப் படிக்கட்டு அலுத்துவிட்டது. ஒருநாள் சமையலறைக்குப் போய்க் கேட்டேன்.

"அம்மா, நாடகம் முடிஞ்சு ரெண்டு மாசமாச்சு. இவை இன்னும் என்னத்துக்கு ஒத்திகை பாக்கினம்?"

அம்மா அடுப்பை அணைத்துவிட்டு மேலே போனாள். கதவைத் தட்டாமல் திறந்தாள். சத்தம் ஒன்றும் கேட்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அந்தப் பெண் அழுதபடி இறங்கி வந்து, சப்பாத்தைக் காலில் போடாமல் கையில் பிடித்துக்கொண்டே வெளியே போனாள். பிறகு அவள் வரவேயில்லை.

அந்த மாதமே அக்காவின் சாதகக் குறிப்பு கனடாவுக்குப் போனது, பொருத்தமும் பார்த்தாயிற்று. இப்போது அங்கே இரண்டு பிள்ளைகளோடு இருக்கிறாள். போனில் குளிரைப் பற்றிப் பேசுவோம். அன்றைக்குச் சொன்னது நான்தான் என்று ஒவ்வொரு முறையும் சொல்ல நினைப்பேன். சொல்லி இனி என்ன ஆகப்போகிறது? நினைத்து நினைத்தே களைத்துவிட்டேன்.

அந்தப் பெண் அழுதுகொண்டு போன அன்று மாலை அக்கா என்னை முன்னால் இருத்தி, தலைவாரி இரட்டைப் பின்னல் பின்னிவிட்டாள்.

"நாளைக்குப் பள்ளிக்கூடம் இல்லையே, அக்கா" என்றேன்.

"ஓம்" என்றாள். அவிழ்த்து மறுபடியும் பின்னினாள். அவளுக்கு என்மேல் கோபமில்லை என்று எனக்கு ஒரே சந்தோஷம்.