ஐசியூ வாசலில பாத்த கடைசிச் சுற்று

ரேஸ் பாத்தனியோ, போஸ்ட் எங்க எண்டு எல்லாரும் கேக்கிறியள்.

பாத்தனான். பின்னேரம் ஆஸ்பத்திரியில, ஐசியூ வாசல் கதிரையில இருந்து, ஹெட்செட் போட்டுக்கொண்டு போனில பாத்தனான். உள்ளுக்கு மாமா. இப்ப பரவாயில்லை.

கடைசிச் சுற்று. எங்கட ஆள் ரெண்டாவது. கடைசி வளைவில உள்பக்கத்தால விட்டு முந்தினான் பாருங்கோ, என்னை அறியாமலே எழும்பி "போயிட்டான்! போயிட்டான்!" எண்டு கத்திட்டன்.

பக்கத்துக் கதிரையில கட்டைபறிச்சான் ஊர் அம்மா ஒராள். மகன் மோட்டார் சைக்கிளில அடிபட்டு உள்ளுக்கு. அவ "ஐயோ என்ர பிள்ளை" எண்டு நிலத்தில விழுந்து குழறத் தொடங்கிட்டா.

நான் பதறிப்போய் போனைக் காட்டினன். "அம்மா, உங்கட மகனில்லை. இது கார் ரேஸ்."

அவ கண்ணைத் துடைச்சுப்போட்டு வடிவாப் பாத்தா. வெண்டவன் காருக்கு மேல ஏறி நிண்டு கை காட்டிக்கொண்டிருந்தான்.

"அப்ப ஒண்டுமில்லையே தம்பி?"

"ஓம் அம்மா, ஒண்டுமில்லை."

என்ர கையைப் பிடிச்சுக்கொண்டு சிரிச்சா.

கொஞ்ச நேரத்தால டொக்டர் வெளியில வந்தார். மகனைக் காப்பாத்த ஏலாமல் போச்சு எண்டு சொன்னார்.

அவ அழேல்லை. டொக்டரைப் பாக்கவுமில்லை. என்னட்டத் திரும்பி, "இதுவும் ரேஸ்தானே தம்பி?" எண்டு கேட்டா.

எங்கட ஆள்தான் வெண்டவன். கொண்டாடுறவை கொண்டாடுங்கோ. நான் கத்தின அந்தச் சொல்லை மட்டும் கொமென்ட்ல எழுதாதேங்கோ.